திருமுகங்கள் சென்றடைந்த ஊர்கள்

பல ஞாயிறுகளில் நம் ஆலயங்களில் இரண்டாம் வாசகம் தொடங்கும்போது ஓர் ஊராரின் பெயர் ஒலிக்கிறது. கொரிந்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கர் என வாசகர் அறிவிக்க, நாமும் அமர்ந்து செவிமடுக்கிறோம். திருமண நாளில் மணமக்களுக்கு முன்னால் பெரும்பாலும் வாசிக்கப்பெறுவது கொரிந்தியருக்கு எழுதப்பெற்ற அன்பின் அதிகாரம். அடக்கத் திருப்பலியில் துயருற்ற குடும்பத்தார் பலவேளை கேட்பது தெசலோனிக்கருக்கு எழுதப்பெற்ற ஆறுதல். எழுதியவரை நாம் நன்கறிவோம். நம் பாட்டன்மார் அர்ச். சின்னப்பர் என்றழைத்த, இன்று நாம் பவுல் என்றும் அழைக்கும் திருத்தூதரே அவர். ஆனால் அம்மடல்களைக் கையில் வாங்கிப் பிரித்தவர்கள் யாவர்? அவர்கள் குடியிருந்த ஊர்கள் எங்கே உள்ளன? இவ்வினாக்களை நாம் எழுப்புவது அரிது.

அவ்வூர்கள் யாவும் இன்றைய கிரேக்க நாட்டில் இருக்கின்றன. வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். ஏறத்தாழ ஒரு கோடி மக்களே வாழும் அந்நாட்டிற்கு ஆண்டுதோறும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அயல்நாட்டார் வந்து போகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நாடி வருவது நீலக் கடலையும், சந்தோரினித் தீவின் வெள்ளை வீடுகளையும், ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிசுக் குன்றையும்தான். அவற்றின் அழகைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. எனினும் திருமுகங்களைக் கேட்டு வளர்ந்த ஒரு குடும்பம் அந்நாட்டில் கால் வைக்குமானால், வடக்கே தொடங்கித் தெற்கே முடியும் வேறொரு வழி அதற்கு உண்டு. கி.பி. 49 அல்லது 50-ம் ஆண்டளவில் சின்னப்பரும், சீலாவும், இளைஞரான திமொத்தேயுவும் நடந்த வழி அது.

புறப்படுமுன் ஒரு சொல். கிரேக்க மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் ஆர்த்தடாக்ஸ் சபையினர். அந்நாட்டுக் குடிமக்களான கத்தோலிக்கர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரே. அவர்களிலும் பலர் சீரோஸ், தீனோஸ் ஆகிய தீவுகளில் வாழும் பழங்குடும்பத்தார். ஆகவே நாம் அங்கே செல்வது வீட்டுக்காரராக அன்று, விருந்தினராக. அந்த வீட்டாருக்கு நம்மீது ஒரு பழைய மனக்குறையும் உண்டு. அது யாதென உரிய இடத்தில் கூறுவோம்.

பிலிப்பி: ஓடைக்கரையில் ஒரு பெண்மணி

துரோவாவிலிருந்து கப்பலேறிய திருத்தூதர் கரையிறங்கிய நெயாப்பொலி இன்று கவாலா என்ற பெயருடன் விளங்கும் அழகிய துறைமுக நகர். மீன்பிடிப் படகுகளும், மலைச்சரிவில் அடுக்கடுக்காய் அமைந்த வீடுகளும், ஓங்கிய வளைவுகளைக் கொண்ட பழைய நீர்ப்பாலமும் அந்நகருக்கு அணி செய்கின்றன. அங்கிருந்து ஒரு மேட்டைக் கடந்து ஏறத்தாழ 15 கி.மீ. உள்நாட்டிற்குச் சென்றால் பிலிப்பியின் இடிபாடுகள் வயல்வெளி நடுவே தோன்றும்.

மாவீரன் அலெக்சாந்தரின் தந்தையாகிய இரண்டாம் பிலிப்பு மன்னன் கி.மு. 356-ல் கைப்பற்றித் தன் பெயரைச் சூட்டிய நகர் இது. அருகிலிருந்த பொற்சுரங்கங்களே அவனை ஈர்த்தன. ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களும் அவருக்காகப் பழிவாங்க வந்தவர்களும் கி.மு. 42-ல் மோதிக்கொண்டது இந்நகரின் முன்னுள்ள சமவெளியில்தான். அப்போருக்குப்பின் உரோமைப் போர்வீரர்கள் பலர் இங்கே குடியமர்த்தப்பட்டனர். உரோமைக் குடியுரிமையைப் பெருமையாகப் பேசிய ஊருக்கு எழுதும்போது, நம் குடியுரிமை விண்ணகத்தில் உள்ளதெனச் சின்னப்பர் ஏன் நினைவூட்டினார் என்பது இம்மண்ணில் நின்றால் எளிதில் விளங்கும்.

2016-ம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் பிலிப்பியை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பெரிய சந்தை வெளி, கோடைக்காலத்தில் இன்றும் நாடகங்கள் நடைபெறும் பழைய அரங்கு, தூண்கள் மட்டும் எஞ்சி நிற்கும் பேராலயங்கள் ஆகியவற்றைக் காணலாம். இவற்றினிடையே எண்கோண வடிவான ஓர் ஆலயத்தின் அடித்தளம் உண்டு. அதற்கும் அடியில், 4-ம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த சிற்றாலயமொன்றின் வண்ணக்கல் தரையை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்தனர். ஆயர் பொர்ப்பீரியு அத்தரையை அமைத்தார் என்றும், அவ்வாலயம் சின்னப்பருக்குரியதென்றும் கற்களாலேயே எழுதப்பட்டுள்ளது. வேத கலாபனைகள் ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே இம்மக்கள் தங்கள் திருத்தூதருக்கு ஆலயம் எடுத்துவிட்டனர்.

சின்னப்பரும் சீலாவும் அடைபட்ட சிறையென்று ஒரு சிறு குகையறையைச் சுட்டிக்காட்டுவர். அது உண்மையில் பழைய நீர்த்தொட்டி என்பது அறிஞர் கருத்து. அன்பர்கள் இதனால் மனம் வருந்த வேண்டுவதில்லை. பல நூற்றாண்டுகளாக மக்கள் அங்கு வந்து சிறைக்காவலனின் மனமாற்றத்தைத் தியானித்திருக்கின்றனர். அதுவும் ஒரு வரலாறே.

நம் மனத்தைப் பெரிதும் கவர்வது இடிபாடுகளுக்கு வெளியே, சற்றுத் தொலைவில் உள்ள ஓர் ஓடை. நகர வாயிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் செபிக்கக் கூடியிருந்த பெண்களிடம் சின்னப்பர் அமர்ந்து பேசினார் எனத் திருத்தூதர் பணிகள் நூலில் லூக்கா குறிக்கிறார். அவர்களுள் ஒருவர் லீதியா. தியத்திரா நகரைச் சேர்ந்தவர். செந்நிற ஆடை வாணிபம் செய்தவர். அக்காலத்தில் அவ்வாடை செல்வர்க்கே எட்டும் பொருள். அவரும் அவர் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றனர். திருத்தூதர்களைத் தம் வீட்டில் தங்குமாறு வற்புறுத்தி அழைத்தார். ஐரோப்பாவில் சின்னப்பரால் மனந்திரும்பியவர்களுள் நாம் பெயரறிந்த முதல் ஆள் இவ்வாணிபப் பெண்மணிதான். முதலில் திறக்கப்பட்ட ஆலயக் கதவும் ஒரு குடும்பத் தலைவியின் வீட்டுக் கதவே. ஓடை சிறியது, மரநிழல் அடர்ந்தது, கரையில் கற்படிகளும், அருகில் 1970-களில் எழுப்பப்பட்ட ஆர்த்தடாக்ஸ் திருமுழுக்கு ஆலயமும் உள்ளன. இன்றும் குழந்தைகளுக்கு அங்கே திருமுழுக்கு அளிக்கப்படுகிறது.

பின்னாளில் சின்னப்பர் சிறையிலிருந்து இவ்வூராருக்கு எழுதிய திருமுகம், ஒருவகையில் நன்றி மடல். பணம் அனுப்பி அவரைத் தாங்கிய திருச்சபை இது. உதவி பெற்றவரின் கூச்சமும் மகிழ்ச்சியும் கலந்து வெளிப்படும் அதன் நான்காம் அதிகாரத்தை ஓடைக்கரையில் அமர்ந்து வாசிக்க அரை நாழிகை கூட ஆகாது. சுற்றுலா நிறுவனத்தார் இவ்விடத்திற்கு ஒதுக்கும் நேரமும் பெரும்பாலும் அவ்வளவே என்பது வேறு விஷயம்.

தெசலோனிக்கா: இல்லாமற் போன மக்கள்

உரோமையர் அமைத்த எக்நாத்தியப் பெருவழி பிலிப்பியின் ஊடே சென்று மேற்கே தெசலோனிக்காவை அடைந்தது. தெசலோனிக்காவின் முதன்மைத் தெருக்களுள் ஒன்று இன்றும் எக்நாத்தியா என்றே அழைக்கப்பெறுகிறது. இந்நகர் ஏதென்சுக்கு அடுத்த பெருநகர். காசாந்தர் என்ற மன்னன் கி.மு. 315 அளவில் இதை நிறுவி, அலெக்சாந்தரின் சகோதரியான தன் மனைவியின் பெயரை இட்டான்.

தெருவின் நடுவே பேரரசன் கலேரியுவின் வெற்றி வளைவு, வாகனப் புகையில் கறுத்து நிற்கிறது. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியவர்களுள் முன்னணியில் நின்றவன் அவன். அவ்வளைவின் அருகே அவன் காலத்தில் எழுப்பப்பட்ட வட்ட வடிவக் கட்டடம் பின்னர் ஆலயமாகி, துருக்கியர் காலத்தில் மசூதியாகி, இன்று காட்சிக்கூடமாய் இருக்கிறது. அதன் குவிமாடத்தில் பொன்னொளி வீசும் புனிதர்களின் உருவங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும், பார்த்தல் தகும். நகரின் காவலரான புனித தெமேத்ரியுவின் பேராலயம் 1917-ம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. தீக்குத் தப்பிய பழைய வண்ணக்கல் ஓவியங்கள் சில அங்கே உள்ளன.

விவிலியத்தின் நம்பகத்தன்மையைப் பற்றி ஐயுறுவோர்க்கு இந்நகர் ஒரு விடை வைத்திருக்கிறது. தெசலோனிக்கா நகர அதிகாரிகளை லூக்கா ‘பொலித்தார்க்கர்’ என்னும் சொல்லால் குறிக்கிறார். பழைய கிரேக்க இலக்கியத்தில் அச்சொல் காணப்படாமையால் லூக்கா தவறினார் எனச் சிலர் எண்ணினர். நகரின் மேற்கு வாயிலில் இருந்த கல்வெட்டு அதே சொல்லை, அதே அதிகாரிகளைக் குறித்துத் தாங்கி நின்றது. 19-ம் நூற்றாண்டில் வாயில் இடிக்கப்பட்டபின் அக்கல் இலண்டன் நகரத்துப் பிரித்தானியக் காட்சிசாலையைச் சேர்ந்தது.

சின்னப்பர் இந்நகரில் முதலில் சென்றது யூதரின் தொழுகைக்கூடத்திற்கு. மூன்று ஓய்வுநாட்கள் அங்கே மறைநூல்களை எடுத்து விளக்கினார். அவர் காலத்தில் இருந்த யூதக் குடியிருப்பு பிற்காலத்தில் பல்கிப் பெருகிற்று. 1492-ல் ஸ்பெயின் நாட்டின் கத்தோலிக்க அரசர்கள் வெளியேற்றிய யூதர் ஆயிரமாயிரமாய் இங்கு வந்து குடியேறினர். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் வீட்டில் ஸ்பானிய மொழியே பேசினர். சனிக்கிழமைகளில் துறைமுகமே ஓய்ந்திருக்கும் அளவுக்கு நகரின் வாழ்வு அவர்களைச் சார்ந்திருந்தது. 1942 ஜூலையில் நாசிப் படையினர் யூத ஆடவர் சுமார் ஒன்பதாயிரம் பேரை எலெப்தேரியா சதுக்கத்தில் கூட்டி, வெய்யிலில் நிறுத்தி அவமானப்படுத்தினர். அச்சதுக்கத்தின் பெயருக்குப் பொருள் ‘விடுதலை’. அதே ஆண்டின் இறுதியில் அவர்களுடைய பெரிய கல்லறைத் தோட்டம் அழிக்கப்பட்டது; இன்று அந்நிலத்தின்மீது பல்கலைக்கழகம் நிற்கிறது. 1943-ல் சில மாதங்களுக்குள் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர் புகைவண்டிகளில் ஏற்றப்பட்டு ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டனர். திரும்பியவர் மிகச் சிலர்.

சுற்றுலாக் கையேடுகள் வெள்ளைக் கோபுரத்தையும் கடற்கரை உலாவையும் பல பக்கங்கள் வருணிக்கும். நினைவுச்சின்னம் அமைந்த அச்சதுக்கத்தை ஒரு வரியில் முடித்துவிடும். நாம் அங்கே சற்று நிற்கவே வேண்டும். திருமுகத்தை எழுதியவர் அந்த இனத்தவர். அதைச் சுமந்து சென்றவர்களும் அவ்வினத்தின் மறைநூலால் வளர்ந்தவர்கள். ஆண்டவரின் பாடுகளுக்காக யூத குலத்தார் அனைவர்மீதும் பழி சுமத்தலாகாது என 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாக அறிவித்ததன் கனம், இச்சதுக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

தெசலோனிக்காவிலிருந்து இரவோடு இரவாக வெளியேறிய திருத்தூதர் பெரேயாவை அடைந்தார். இன்று அதன் பெயர் வேரியா. அவர் நின்று போதித்ததாகக் கருதப்படும் இடத்தில் வண்ணக்கல் ஓவியங்களால் அழகுசெய்த மேடை உண்டு. அண்மையிலுள்ள வெர்கீனா என்னும் சிற்றூரில் 1977-ம் ஆண்டு பேராசிரியர் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் மாசிதோனிய அரசர்களின் கல்லறைகளைக் கண்டுபிடித்தார். பொற்பேழையும் பொன் முடியும் அங்கேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. தெற்கே செல்லும் வழியில் மெத்தேயோரா என்னுமிடத்தில் செங்குத்தான பாறைகளின் உச்சியில் துறவு மடங்கள் இருக்கின்றன. முன்பு வலைக்கூடையில் ஆட்களைக் கயிற்றால் இழுத்து ஏற்றினர். இப்போது படிகள் உள்ளன. இருபதுக்கும் மேற்பட்ட மடங்களுள் ஆறு மட்டும் இன்றும் துறவியர் வாழும் இல்லங்களாய்த் திகழ்கின்றன.

இவ்விடத்தில் குடும்பத்துடன் செல்வோர்க்குச் சிலவற்றைக் கூறிவிடுவது நலம். மடங்களிலும் ஆலயங்களிலும் தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிருத்தல் வேண்டும்; நம் சேலையும் வேட்டியும் எவ்வித இடையூறும் தரா. ஆலயத்துள் நுழைந்ததும் மெழுகுதிரி ஏற்றிப் புனிதர் படத்தை முத்தமிடுவது அவர்தம் வழக்கம். நாமும் அவ்வாறே செய்யலாம். ஆனால் அவர்களது வழிபாட்டில் நன்மை வாங்க முன்செல்லலாகாது. அவர்கள் சபை அதற்கு இடந்தருவதில்லை. வழிபாட்டின் முடிவில் ஆசீர்வதிக்கப்பட்ட அப்பத்துண்டை அன்புடன் நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம். கையில் அப்பத்தோடும், ஒரே பந்தியில் அமர இயலாத துயரத்தோடும் வெளிவரும் அந்தக் கணத்தில், பிரிவினை என்பது பாடப்புத்தகச் செய்தியாக இராது.

ஏதென்ஸ்: பாறையின்மேல் மன்னிப்பு

பார்த்தனோன் கோவிலைப் பற்றி அறியாதவர் யார்? கி.மு. 447-ல் தொடங்கி 432 வரை கட்டப்பெற்ற அந்தப் பளிங்குப் பேரழகைக் காண வருவோர் தொகை பெருகிப்போய், 2023 செப்டம்பர் முதல் நாளொன்றுக்கு இருபதாயிரம் பேருக்குமேல் ஏறலாகாதென அரசு வரம்பிட்டது. முன்கூட்டியே நேரம் குறித்துச் சீட்டு வாங்க வேண்டும். கோடையில் வெப்பம் மிகும் நாட்களில் நண்பகலில் வாயிலை மூடிவிடுவதும் உண்டு. ஆகவே வசந்த காலமோ, செப்டம்பருக்குப் பிந்திய வாரங்களோதாம் முதியோர்க்கு ஏற்றவை.

கையேடுகள் மெல்லச் சொல்லும் செய்தியொன்று உண்டு. ஏதேனா தெய்வத்தின் கோவிலாய் இருந்த காலத்திற்கு ஏறத்தாழ ஈடான காலம், பார்த்தனோன் தேவமாதாவின் ஆலயமாய் இருந்தது. அக்கல்தூண்களுக்கிடையே தூபம் கமழ்ந்தது. 1204-ம் ஆண்டில்தான் வந்தது கேடு. திருநாட்டை மீட்கப் புறப்பட்ட நான்காம் சிலுவைப்போர்ப் படை, வழிமாறிச் சென்று கான்ஸ்தாந்திநோப்பிளைச் சூறையாடியது. கிறிஸ்தவரே கிறிஸ்தவரின் ஆலயங்களைக் கொள்ளையிட்டனர். அதனைத் தொடர்ந்து ஏதென்சும் மேல்நாட்டுப் பிரபுக்களின் கையில் வீழ்ந்தது. கிரேக்க ஆயர் மிக்கேல் கோனியாத்தேஸ் நகரைவிட்டு நீங்கிக் கேயா என்னும் தீவில் தங்கினார். பார்த்தனோன் இலத்தீன் கத்தோலிக்கரின் பேராலயமாயிற்று. பின்னர் துருக்கியர் அதை மசூதியாக்கினர். 1687-ல் வெனீசியர் எறிந்த குண்டொன்று உள்ளே வைத்திருந்த வெடிமருந்தில் பட்டுக் கூரை சிதறிற்று. கிரேக்கர் இன்றும் மறவாத மனக்குறை என்று தொடக்கத்தில் நாம் சொன்னது இந்த 1204-ஐத்தான்.

அக்ரோபோலிசின் அடிவாரத்தில், வாயிலுக்கு எதிரே, அரயோப்பாகு என்னும் மொட்டைப் பாறை இருக்கிறது. இதன்மேல் ஏறக் கட்டணமில்லை. வெட்டப்பட்ட பழைய படிகள் வழவழவெனத் தேய்ந்து வழுக்குவதால் அருகில் இரும்புப் படிகள் அமைத்துள்ளனர். ஏதென்சின் அறிஞர் அவை முன் சின்னப்பர் ஆற்றிய உரை முழுவதும் கிரேக்க மொழியில் பொறித்த வெண்கலத் தகடு பாறையில் பதிக்கப்பட்டுள்ளது. அவர் அறியாத தெய்வத்தின் பலிபீடத்திலிருந்து பேச்சைத் தொடங்கி, அவர்களுடைய கவிஞர்களையே சான்று காட்டி, உயிர்ப்பில் வந்து நின்றார். சிலர் நகைத்தனர், சிலர் பிறகு கேட்போம் என்றனர். தியோனிசியு, தாமரி முதலிய சிலரே விசுவசித்தனர். கொரிந்தியருக்கு உண்டு, பிலிப்பியருக்கு உண்டு. ஏதெனியருக்கு என்றொரு திருமுகம் விவிலியத்தில் இல்லை. நகரின் கத்தோலிக்கப் பேராலயம் அந்தத் தியோனிசியாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1865-ல் திறக்கப்பெற்ற அவ்வாலயத்தில் பல நாட்டுத் தொழிலாளரையும் காணலாம்.

இப்பாறையை நம் காலத்தில் மறக்கவொண்ணாததாக்கியது 2001-ம் ஆண்டு மே 4-ம் நாள். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அன்று ஏதென்ஸ் வந்திறங்கினார். ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்குப்பின் கிரேக்க மண்ணை மிதித்த முதல் பாப்பரசர் அவரே. வரவேற்பு இனிதாக இருக்கவில்லை. துறவியர் பலர் வீதியில் இறங்கி எதிர்ப்புக் காட்டினர். பேராயர் கிறிஸ்தோதுலோஸ் தம் இல்லத்தில், திருத்தந்தையின் முகத்திற்கு நேரே, கிரேக்க மக்களின் குறைகளை எடுத்துரைத்தார். உடல் தளர்ந்திருந்த முதியவர் அமைதியாகக் கேட்டார். பின்னர் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஆர்த்தடாக்ஸ் சகோதரருக்கு எதிராகச் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். கான்ஸ்தாந்திநோப்பிள் சூறையாடப்பட்டதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். பேராயர் கைதட்டினார். அன்று மாலை இருவரும் அரயோப்பாகுப் பாறைக்குச் சென்றனர், கூட்டறிக்கை வாசிக்கப்பட்டது.

இதற்கு முன்னரே விதை ஊன்றப்பட்டிருந்தது. புனித பெலவேந்திரர் பத்ராஸ் நகரில் சிலுவையில் அறையுண்டார் என்பது மரபு. 15-ம் நூற்றாண்டில் உரோமைக்கு எடுத்துச் செல்லப்பட்ட அவர்தம் திருத்தலையைத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1964-ல் பத்ராஸ் நகருக்கே திருப்பி அனுப்பினார். மறு ஆண்டு, 1965 டிசம்பர் 7-ல், 1054-ம் ஆண்டின் பரஸ்பரச் சபைவிலக்குகளை அவரும் கான்ஸ்தாந்திநோப்பிள் முதுபெரும் தந்தை அத்தெனாகோராசும் நினைவிலிருந்தே நீக்கினர். 2006-ல் அதே பேராயர் கிறிஸ்தோதுலோஸ் உரோமைக்குச் சென்றபோது, சின்னப்பரைப் பிணைத்ததாக வணங்கப்படும் சங்கிலியின் ஒரு பகுதி அவருக்கு அன்பளிப்பாயிற்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2021 டிசம்பரில் ஏதென்ஸ் சென்று பேராயர் இயெரோனிமோசிடம் மன்னிப்பு வேண்டினார். மறுநாள் லெஸ்போஸ் தீவில் ஏதிலியர் முகாமுக்குச் சென்றார்.

கொரிந்து: பந்தியில் பேதம்

ஏதென்சிலிருந்து மேற்கே ஏறத்தாழ 80 கி.மீ. வரும் வழியில் கொரிந்துக் கால்வாய் குறுக்கிடும். நீரோ மன்னன் கி.பி. 67-ல் தோண்டத் தொடங்கிய பணி 1893-ல்தான் நிறைவேறிற்று. ஆறு கி.மீ. நீளத்திற்குப் பாறையைப் பிளந்தாற்போல் ஓடும் அக்கால்வாயைப் பாலத்தின்மேல் நின்று பார்க்கையில் தலை சுற்றும். கால்வாய் இல்லாத காலத்தில் சிறு மரக்கலங்களைக் கல் பாவிய தடத்தில் நிலத்தின்மேல் இழுத்துச் சென்றனர். அத்தடத்தின் பகுதிகள் எஞ்சியுள்ளன. இரு கடல்களின் வாணிபமும் கைமாறிய ஊர் கொரிந்து.

கி.மு. 146-ல் உரோமைப் படையால் அழிக்கப்பட்டு, நூறாண்டு பாழாய்க் கிடந்து, கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசரால் மீண்டும் குடியேற்றப்பட்டது இந்நகர். குடியேறியவர்களுள் விடுதலை பெற்ற அடிமைகள் பலர். பழம்பெருமை இல்லாதவர்கள்; முன்னேறத் துடித்தவர்கள்; பெயர் பொறிக்கக் கல் தேடியவர்கள். அரங்கின் அருகே கல் பாவிய தரையில் எரஸ்து என்பவர், பதவிக்குக் கைம்மாறாகத் தம் செலவில் இத்தளத்தை அமைத்ததாகப் பொறித்திருக்கிறார். உரோமையர் திருமுகத்தின் முடிவில் நகரப் பொருளாளராகக் குறிக்கப்பெறும் எரஸ்து இவரேயென்பார் உளர், அன்றென்பாரும் உளர்.

அப்பொல்லோ கோவிலின் ஏழு தூண்கள் நிற்கின்றன. பின்னால் 575 மீட்டர் உயர அக்ரோகொரிந்து மலை. பெரும்பாலோர் புகைப்படம் எடுப்பது இவ்விரண்டையே. நாம் தேட வேண்டியது சந்தை நடுவே உள்ள தாழ்ந்த கல்மேடையை. யூதர் சின்னப்பரை இழுத்துவந்து ஆளுநர் கல்லியோவின் முன் நிறுத்திய நீதியிருக்கை அது. கல்லியோவின் பெயர் தெல்பி நகரில் கிடைத்த பேரரசர் கிளாதியுவின் மடற்கல்வெட்டில் உள்ளது. அதனாலேயே சின்னப்பர் இங்கிருந்த காலம் கி.பி. 51-ஐ ஒட்டியதென உறுதியாய்க் கூற முடிகிறது. அவருடைய வாழ்வின் ஆண்டுகளைக் கணக்கிடுவோர் யாவரும் இக்கல்லிலிருந்தே தொடங்குகின்றனர்.

ஒன்றரை ஆண்டு இங்கே தங்கி, உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த அக்கிலா, பிரிஸ்கா என்னும் தம்பதியரோடு கூடாரம் தைத்துப் பிழைத்தார் திருத்தூதர். அவர் நீங்கியபின் சபை கட்சிகளாகப் பிரிந்தது. ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடும்போதே செல்வர் முந்தி உண்டு களிக்க, உழைத்துக் களைத்துப் பிந்தி வந்த ஏழையர் பசித்திருந்தனர். இஃது எங்ஙனம் நேர்ந்திருக்கும்? எருசலேம் விவிலியக் கல்விக்கூடத்தில் பணியாற்றிய தொமினிக் சபைக் குரு ஜெரோம் மர்பி ஓ’கானர், கொரிந்தில் அகழ்ந்தெடுத்த பழைய வீடொன்றைக் கொண்டு ஒரு விளக்கம் தந்தார். சபை கூடியது வசதி படைத்தவர் வீட்டில். அத்தகைய வீட்டின் உணவறையில் ஒன்பது பேர் அளவிலேயே சாய்ந்தமர்ந்து உண்ணலாம். எஞ்சியோர் முற்றத்தில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். வீட்டுக்காரர் தம் நண்பரை உள்ளே அழைத்திருப்பார். கூலியாளும் அடிமையும் வெளியே நின்றிருப்பர். எல்லா வீட்டாரும் அப்படிச் செய்ததனால் அதில் தவறிருப்பதாகவே எவருக்கும் தோன்றியிராது. பந்தியில் ஆள் பார்த்து இலை போடுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இவ்விளக்கத்தை நம்புவது கடினமன்று.

நற்கருணை நிறுவப்பட்டதைக் குறித்து நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளுள் மிகப் பழையது இச்சண்டையின் நடுவே எழுதப்பட்டதே. அன்பின் அதிகாரமும் அவ்வாறே. மணப்பந்தலில் கேட்கையில் அது மணமக்களுக்கெனவே பாடிய பாட்டுப்போல் இனிக்கிறது. உண்மையில் அது, வழக்குமன்றம் ஏறிய சகோதரருக்கும், வரங்களைக் காட்டிப் பெருமையடித்தவர்க்கும், பந்தியில் பேதம் பார்த்த வீட்டாருக்கும் எழுதிய கண்டிப்பு மடலின் பகுதி. சண்டை அதோடு ஓயவுமில்லை. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமைத் திருச்சபை, புனித கிளமெந்துவின் பெயரால் நமக்குக் கிடைத்துள்ள நெடிய மடலைக் கொரிந்தியருக்கு அனுப்ப நேர்ந்தது. காரணம், மீண்டும் அதே கட்சிப் பிணக்கு.

சந்தை வெளியிலிருந்து கிழக்கே பத்துக் கி.மீ. அளவில் கடற்கரையில் கெங்கிரேயா இருக்கிறது. கொரிந்தின் கீழ்த்திசைத் துறைமுகம். சின்னப்பர் நேர்ச்சையின்படி முடி கத்தரித்துக்கொண்டு கப்பலேறியது இங்கிருந்தே. இவ்வூர்த் திருச்சபையின் திருத்தொண்டராய் இருந்த பெய்பா என்னும் பெண்மணியை உரோமையருக்கு அவர் அறிமுகம் செய்து எழுதுகிறார். உரோமையர் திருமுகத்தைக் கொண்டு சென்றவர் அவரே எனப் பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர். பிற்காலத்து நிலநடுக்கங்களால் துறைமுகம் கடலுள் தாழ்ந்துவிட்டது. 1960-களில் அகழ்ந்தோர் இங்கே பெட்டி பெட்டியாக வண்ணக் கண்ணாடி ஓவியப் பலகைகளைக் கண்டெடுத்தனர். அவை அண்மையில் இஸ்த்மியா காட்சிசாலையில் உள்ளன. சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்பது குறைவு. கோடையில் அவ்வூர்ப் பிள்ளைகள் வந்து நீந்துகின்றனர். நீர் தெளிந்திருக்கும் நாளில், கரையோரத்தில் பழைய ஆலயத்தின் சுவர்களும் கப்பல்துறையின் கற்களும் கண்ணுக்குத் தெரியும்.